ஆபிரகாம் போட்டுக்கொண்ட கோட்டு

எல்ஸ்வோல்டே கிளப்புக்காக லாம்மர்ட் ஓஸ்டிங் பதினாறு வருஷம் பந்து விளையாடினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் எங்கே விளையாடினார்? விரட்டினார். சமையலறைக்குள் புகுந்த பூனையை விரட்டுகிற மாதிரி பந்தை விரட்டினார். ஸ்டாப்பர் பேக். கோலுக்கு முன்னால் பந்து எட்டிப் பார்த்தால் போதும், வலது காலால் ஒரு வீசு. ஜெர்மனி எல்லை அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர். அவர் உதைத்து அந்தப் பக்கம் விழுந்த பந்துகளைப் பொறுக்கியே ஒரு ஜெர்மன்காரர் விளையாட்டுச் சாமான் கடை வைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு.

நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், மூன்று கோல். தப்பாகப் பட்டு சொந்த வலைக்குள் போனது ஏழு. எதிர் அணிக்காரர்கள் புது வருஷ வாழ்த்து அட்டை அனுப்பும்போது அவரையும் தங்கள் ஆளாக நினைத்து அனுப்பினார்கள் என்பார்கள். ஆனால் அவர் ஒட்டிக்கொண்ட ஆள் தப்பியதே இல்லை. ஒரு ஃபார்வர்டு ஆட்டம் முடிந்து குளிக்கப் போனபோதும் பின்னாலேயே போய் நின்றார், விசில் அடித்தது காதில் விழவில்லை என்று.

ஹாலந்தில் இது பெருமை இல்லை. இங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்பே முன்னால் பாய்ந்து ஆடப் பழகுகிறார்கள். அழகாக ஆடித் தோற்றவனுக்குத் தெருவில் மரியாதை உண்டு. தடுத்து நின்று ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தவனைக் கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். லாம்மர்ட்டின் ஆட்டத்தைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்களே, அவர் ஜெயித்துக் கொடுத்த பிறகும், "என்னடா ஆட்டம் இது" என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

முப்பத்து நாலு வயதில் வலது முட்டி போனது. ஐந்து ஆபரேஷன். கத்தி வைத்த டாக்டருக்குத் தன் பிள்ளைகளின் முகத்தை விட அந்த முட்டி நன்றாகப் பழக்கம். அதற்குப் பிறகு லாம்மர்ட் அதே கிளப்பில் அசிஸ்டென்ட் கோச் ஆனார். அதிலும் பதினாறு வருஷம்.

அந்தப் பதினாறு வருஷத்தில் ஒன்பது தலைமைக் கோச்சுகள் வந்தார்கள், போனார்கள். மூன்று பேரை சீசன் நடுவில், அணி கடைசி இடத்தில் கிடந்தபோது துரத்தினார்கள். மூன்று தடவையும் கிளப் தலைவர் லாம்மர்ட்டைக் கூப்பிட்டு, "கொஞ்ச வாரத்துக்குப் பாத்துக்கோ" என்றார். மூன்று தடவையும் லாம்மர்ட் அணியைச் சேற்றிலிருந்து எருமையைத் தூக்குவது போல இழுத்துக் கரையில் போட்டார். மூன்று தடவையும் கோடையில் புது ஆள் வந்தான். இவர் பயிற்சிக்கு மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்பு அடுக்கப் போனார்.

காரணம் டிப்ளமா. தலைமைக் கோச் என்றால் பெரிய டிப்ளமா வேண்டும். அது கையில் இல்லாதவன் தற்காலிகமாக நிற்கலாம், உட்காரக் கூடாது.

உட்கார்ந்தவனுக்கு ஒரு கோட்டு உண்டு. கரு நீலம், முட்டி வரைக்கும் நீளம், உள்ளே கம்பளி, நெஞ்சில் மஞ்சள் நூலில் அவன் பேரின் முதல் எழுத்துகள். எல்ஸ்வோல்டே கிளப்பில் அந்த நீளக் கோட்டு ஒரே ஒருவருக்குத்தான். அசிஸ்டென்டுக்கு இடுப்போடு நிற்கிற குட்டைச் சட்டை. எங்கள் ஊர் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். குட்டைச் சட்டையில் அடித்த மழை நேராகக் கால்சட்டைக்குள் இறங்கும். பதினாறு வருஷமாக லாம்மர்ட்டின் பின்பக்கம் காய்ந்ததே இல்லை. தற்காலிகக் கோச்சாக நின்றபோது ஒரு முறை நீளக் கோட்டைக் கேட்டார். சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் தீமென், "அதுல உன் எழுத்து இல்லையேடா" என்று சொல்லிப் பூட்டை மாட்டிவிட்டார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் கிளப்புக்குத் தலைமைக் கோச்சாக, தற்காலிகம் என்ற வார்த்தை ஒட்டாமல், ஒரு சீசன். கோப்பை கேட்கவில்லை.

டிப்ளமா படிப்புக்கு இரண்டு முறை மனுப் போட்டு இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார்கள். நேர்காணலில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும், "ஆட்டத்தைப் பத்தி உங்க பார்வை என்ன?" என்று கேட்டார்கள். லாம்மர்ட், "கோல் வாங்கக் கூடாது" என்றார். அவர்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கேட்கக் காத்திருந்தார்கள். மீதி எதுவும் இல்லை. இரண்டாவது வருஷம் மனைவி ஹில்லி மூன்று வாரம் பாடம் சொல்லிக் கொடுத்து அனுப்பினாள். "கோல் வாங்கக் கூடாது. முடிஞ்சா ஒண்ணு போடணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்றாவது முறை, இடம் கிடைத்த ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் இவரை உள்ளே எடுத்தார்கள். நாற்பத்தொன்பது வயதில், தன் மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து, படம் போட்டு, கட்டுரை எழுதி, 2019 ஏப்ரலில் டிப்ளமாவை வாங்கினார்.

ஹில்லி அதைச் சட்டம் போட்டுக் கழிப்பறையில் மாட்டினாள், எங்கள் ஊரில் எப்போதும் அங்கே தொங்குகிற பிறந்தநாள் காலண்டருக்குப் பக்கத்தில். வீட்டுக்கு வருகிறவர்கள் நிதானமாக உட்கார்ந்து படிக்கிற இடம் அதுதானே என்றாள்.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் ஒன்பதாவது கோச் ஓடிப் போயிருந்தார். நாலாவது தடவையாக லாம்மர்ட் தற்காலிகம். பதினோரு ஆட்டம், இரண்டில்தான் தோல்வி. கடைசி ஆட்டம் முடிந்ததும் கிளப் தலைவர் ஃபோல்கர்ட் அவர் தோளில் கை போட்டார். ஃபோல்கர்ட் சமையலறை விற்கிறவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் விற்ற அலமாரியில்தான் காபித்தூள் வைத்திருக்கிறார்கள். "மாசக் கடைசில கிளப் போர்டு உக்காருது. இந்தத் தடவ உன்கிட்ட டிப்ளமாவும் இருக்கு. உன் பேரு மேசைமேல இருக்கு, லாம்மர்ட்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். லாம்மர்ட் அதை ஒரு மாதம் மென்றுகொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் கூப் என்கிற உருளைக்கிழங்கு விவசாயி வந்தார். அவர் ஸ்வார்ட்வேன் ஊர்க் கிளப்பின் தலைவர். சம்பளத்துக்கு ஆடாதவர்களின் கிளப்; ஆனால் நல்ல அணி, கோச்சுக்குச் சம்பளம் உண்டு, நீளக் கோட்டும் உண்டு. அங்கே சனிக்கிழமைதான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொட்டால் கை கறுத்துப் போகும் என்று நம்புகிறவர்கள். கூப் வீட்டு வாசலில் நின்றே பேசினார். "தலைமைக் கோச் வேல. ரெண்டு வருஷம். சனிக்கிழம மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள ஆமா, இல்லன்னு சொல்லிடு. எனக்கு இன்னொருத்தன் காத்துட்டு இருக்கான்."

அந்தச் சனிக்கிழமை ஜூன் ஒன்று. லாம்மர்ட்டுக்கு ஐம்பது பிறக்கிற நாள்.

வியாழக்கிழமை போர்டு உட்கார்ந்தது தெரியும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஃபோல்கர்ட்டுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆறு தடவை. ஹில்லி, "எடுக்கலன்னாலே பதில் சொல்லிட்டான்னு அர்த்தம்" என்றாள். லாம்மர்ட்டும் ஒரு முடிவுக்கு வந்தார். நாளை பன்னிரண்டு மணிக்குள் எல்ஸ்வோல்டேயிலிருந்து சேதி வராவிட்டால் கூப்புக்கு ஆமாம் சொல்லிவிடுவது. புத்திசாலித்தனமான முடிவு. அவர் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளை ஒரு தீப்பெட்டிக்குள் அடைக்கலாம். இது அதில் ஒன்று. அதை நிறைவேற்ற விட்டார்களா?

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு ஐம்பது வயதானால் அவன் தூங்கும்போது நண்பர்கள் வந்து வீட்டு வாசல் புல்லில் ஆளுயரப் பொம்மை ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். வைக்கோல் அடைத்த கிழவன், ரப்பர் முகமூடி, பஞ்சுத் தாடி. பேர் ஆபிரகாம்; ஐம்பது ஆனவன் பைபிளில் வருகிற ஆபிரகாமைப் பார்த்துவிட்டான் என்பது இங்கே சொல்வழக்கு. தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துச் சிரித்து, ஹாரன் அடித்துவிட்டுப் போவான். இந்த மரியாதையிலிருந்து பாதிரியார் கூடத் தப்ப முடியாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லாம்மர்ட் ஜன்னல் வழியே பார்த்தார். புல்லில் தோட்ட நாற்காலி போட்டு ஆபிரகாம் உட்கார்ந்திருந்தார். மடியில் பந்து. கழுத்தில் ஐம்பது என்று எழுதிய அட்டை. உடம்பில் கரு நீல நீளக் கோட்டு.

லாம்மர்ட் உள்ளாடையோடு வெளியே போனார். எதிர் வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தது கூட அவருக்குக் கேட்கவில்லை. பொம்மைக்கு முன்னால் குனிந்து நெஞ்சைத் தடவிப் பார்த்தார். மஞ்சள் நூல். எல். ஓ. லாம்மர்ட் ஓஸ்டிங். புத்தம் புதிது, மடிப்புக் கூடக் கலையவில்லை. அவர் அழுதார் என்று ஹில்லி சொல்கிறாள். பனி என்று அவர் சொல்கிறார். ஜூன் மாதத்தில் என்ன பனி?

"போர்டு முடிவு பண்ணிருச்சு" என்றார் லாம்மர்ட். "இப்படித்தான் சொல்லணும்னு நெனச்சிருக்காங்க. அதான் போன எடுக்கல."

"வைக்கோல் பொம்மைய வெச்சா வேல குடுப்பாங்க? போன் பண்ணிக் கேளு" என்றாள் ஹில்லி.

"என்னத்தக் கேக்குறது? எழுத்துப் போட்டுத் தெச்சிருக்கான். தெச்சு வர மூணு வாரமாகும். வெளையாட்டுக்குன்னு இந்த ஊர்ல எவனாவது புதுக் கோட்டு தெப்பானா?"

நூல் கட்டிய ஒரே டீப் பையை இரண்டு கோப்பையில் முக்கி எடுக்கிற ஊர் இது. பொம்மைக்குக் கோட்டு வாங்குகிறவன் இந்த நாட்டில் பிறக்கவே இல்லை. லாம்மர்ட்டின் கணக்கில் பிழை இல்லை, அதுதான் கொடுமை.

ஒன்பது மணிக்குக் கூப்புக்குப் போன் போட்டு, மன்னிக்கணும், வர முடியாது, என் கிளப்பே எனக்குக் கிடைத்துவிட்டது என்றார். "நேரத்தோட சொன்னதுக்கு நன்றி" என்று கூப் போனை வைத்துவிட்டார்.

பிறகு லாம்மர்ட் ஆபிரகாமிடமிருந்து கோட்டைக் கழற்றி, வைக்கோலை உதறி, தான் மாட்டிக்கொண்டார். பொம்மைக்கு ஹில்லியின் பழைய மழைச் சட்டையைப் போர்த்திவிட்டார், பாவம் குளிருமே என்று.

மத்தியானம் இரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். வரவேற்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். லாம்மர்ட்டுக்கு வாழ்த்து, ஹில்லிக்கு உன் வீட்டுக்காரருக்காக வாழ்த்து, அண்ணன் ரெய்ண்டருக்கு உன் தம்பிக்காக வாழ்த்து, எதிர் வீட்டுக்காரிக்கு உன் எதிர் வீட்டுக்காரருக்காக வாழ்த்து. முப்பது பேருக்கு முப்பது பேர் கை குலுக்கினால் எத்தனை என்று பள்ளிக்கூடம் போனவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து காபி, ஆளுக்கொரு துண்டு கிரீம் கேக். வெளியே இருபத்தாறு டிகிரி வெயில். லாம்மர்ட் நடுவில் கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். முகம் வேகவைத்த பீட்ரூட் மாதிரி இருந்தது. கழற்றச் சொன்னால் கேட்கவில்லை.

ரெய்ண்டர் லாரி ஓட்டுகிறவர். குரலும் லாரி மாதிரிதான். தம்பி தலைமைக் கோச் ஆன சேதியை வந்தவர்களுக்கெல்லாம் அவரே அறிவித்தார். தீமெனும் வந்திருந்தார். அவர் மட்டும் கேக்கைத் தட்டில் வைத்துக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஃபோல்கர்ட் பூங்கொத்தோடு வந்தார். முறைப்படி முப்பது பேருக்கும் கை கொடுத்து முடித்தார். கடைசியில் லாம்மர்ட்டின் கோட்டைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டார்.

"இத இப்படிச் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டியே, லாம்மர்ட். பெரிய மனசு உனக்கு. நான் பயந்துக்கிட்டே வந்தேன்" என்றார்.

லாம்மர்ட்டுக்கு விளங்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவனுக்கு எது விளங்கும்? ரெய்ண்டர்தான் கேட்டார், பேப்பரில் எப்போது வரும் என்று. திங்கட்கிழமை என்றார் ஃபோல்கர்ட். போட்டோ எடுக்க எப்போது வருவார்கள் என்றார் ரெய்ண்டர். நேற்றே மைதானத்தில் எடுத்தாகிவிட்டது என்றார் ஃபோல்கர்ட்.

"நேத்து என் தம்பி நாள் பூரா வீட்ல வேலி வெட்டிக்கிட்டு இருந்தான். யாரப் போட்டோ எடுத்தீங்க?" என்றார் ரெய்ண்டர்.

முப்பது கரண்டிகளும் நின்றன.

போர்டில் ஐந்து பேர். வியாழக்கிழமை முடிவானதும், லாம்மர்ட்டிடம் ஒருவர் சொல்லிவிட வேண்டும் என்று ஐந்து பேரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எந்த ஒருவர் என்று போடவில்லை. மற்றவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஃபோல்கர்ட் பழங்கதை எதுவும் பேசாமல் நேராகச் சொன்னார். யெஸ்பர் என்று ஒருவன், முப்பத்தாறு வயது, மேற்கே பெரிய ஊரிலிருந்து வருகிறான். அவன்தான் கோச்.

லாம்மர்ட் கோட்டைப் பார்த்தார். பிறகு தீமெனைப் பார்த்தார்.

"மே மாசமே சொல்லி தெச்சது, உனக்குத்தான்னு எல்லாரும் நெனச்சோம்" என்றார் தீமென். "புதன்கிழம வந்து சேந்துது. வெள்ளிக்கிழம யெஸ்பர் எழுத்துல வேற தெக்கச் சொல்லிட்டாங்க. நூலப் பிரிச்சாத் துணி கிழியும். வேற யாருக்கும் ஆகாது. உனக்குச் சேதி தெரியும்னு நெனச்சேன்டா. வீணாப் போகுதே, பொம்மைக்குப் போட்டா நீயும் சிரிப்பேன்னு..."

யாரும் சிரிக்கவில்லை. மூலையில் எதிர் வீட்டுக்காரி மட்டும் விக்கினாள்.

லாம்மர்ட் கோட்டைக் கழற்றவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார், "ஏன்?" என்று. எங்கள் ஊரில் ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்கும். மழுப்ப மாட்டார்கள். மழுப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"உன்ன எல்லாருக்கும் புடிக்கும். அதான் பிரச்சனை" என்றார் ஃபோல்கர்ட். "கோச்சா எடுத்தவன என்னிக்காவது ஒரு நாள் வெளிய அனுப்பித்தான் ஆகணும். எட்டு பேர அனுப்பிருக்கேன், ஒருத்தனுக்காகவும் தூக்கம் கெட்டதில்ல. உன்ன அனுப்புறதுன்னா? முப்பத்திரண்டு வருஷம். என்னால ஆகாது. போர்டுல ஒருத்தராலயும் ஆகாது. பேசிப் பாத்தோம்."

"என்னத் தொரத்த மனசு வராதுன்னு எனக்கு வேல குடுக்கல."

"ஆமா."

"யெஸ்பரத் தொரத்தலாம்."

"அவன யாருக்குத் தெரியும்?" என்றார் ஃபோல்கர்ட். பிறகு, அசிஸ்டென்ட் இடம் எப்போதும் போல இருக்கிறது, சாகும் வரைக்கும் இருக்கும், திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்து யெஸ்பரைப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்று சொல்லிவிட்டு, கேக் கொடுத்தால் சாப்பிடுவேன் என்பது போல உட்கார்ந்தார். ஹில்லி கொடுத்தாள். எல்லோரையும் விடச் சின்னத் துண்டு, கிரீம் வழித்தெடுத்தது.

கூப்புக்கு உடனே போன் செய்திருக்கலாம். மணி மூன்றரைதான். ஆனால் பிறந்தநாள்காரன் வட்டத்தை விட்டு எழுந்து போவது எங்கே உண்டு? அதுவும் இந்தச் சேதிக்குப் பிறகு எழுந்தால் அழப் போகிறான் என்பார்கள். விருந்தாளிகளும் கிளம்பவில்லை. ஐந்து மணிக்குப் பாலாடைக்கட்டித் துண்டும் கடுகுச் சாந்தும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். துக்கம் நடந்தாலும் அது வரும். லாம்மர்ட் வியர்த்தபடி உட்கார்ந்து மூன்று மணி நேரம் கடற்கரை விடுமுறை பற்றியும் ரெய்ண்டரின் லாரி டயர் பற்றியும் கேட்டார். ஆறரைக்குக் கடைசி ஆள் போனான். லாம்மர்ட் கூப்புக்குப் போன் போட்டார்; அது அடித்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் கூப் வீட்டில் ஓய்வுநாள் ஆரம்பம். பைபிளைத் தவிர எதையும் எடுக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை லாம்மர்ட் ஸ்வார்ட்வேனுக்குக் காரில் போனார். சர்ச் முடிந்து வந்த கூப் கறுப்பு உடுப்பில் வாசலில் நின்றார். லாம்மர்ட் வாயைத் திறக்கும் முன்பே கையைக் காட்டினார்.

"பந்து பத்தின்னா நாளைக்கு. காப்பின்னா உள்ள வா."

காபிக்குத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். உருளைக்கிழங்கு இலையில் வருகிற நோயைப் பற்றி அன்று லாம்மர்ட் கற்றுக்கொண்டதை வைத்து இன்னொரு டிப்ளமா வாங்கலாம். இரண்டாவது கோப்பை. கூப்பின் மனைவி பையிலிருந்து ஒரு புதினா மிட்டாய் எடுத்துக் கையில் வைத்து அழுத்தினாள். அந்த அழுத்தலில் ஏதோ இருப்பதாக லாம்மர்ட்டுக்குப் பட்டது. நல்ல சேதியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது கூப், "நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கூப்பிடு" என்றார். எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்கிறவன் இல்லை என்றா சொல்வான்? அன்றைக்கு ராத்திரி லாம்மர்ட் ஸ்வார்ட்வேன் அணியின் பின் வரிசையைச் சாப்பாட்டு மேசையில் உப்புப் புட்டி, மிளகுப் புட்டி வைத்து இரண்டு விதமாக அடுக்கிப் பார்த்தார்.

எட்டு மணிக்குக் கூப் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அந்த இன்னொருத்தன் சனிக்கிழம ஒரு மணிக்கே சரின்னுட்டான். என் வார்த்தையக் குடுத்துட்டேன்."

"நேத்து உன் வீட்ல ஒன்ற மணி நேரம் உக்காந்திருந்தேனே. ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே, கூப்."

"நேத்து ஞாயித்துக்கிழம" என்றார் கூப். அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திட்டவாவது செய்யலாம்.

ஒன்பது மணிக்கு லாம்மர்ட் ஃபோல்கர்ட்டின் கடைக்குப் போனார். திங்கட்கிழமை காலை வியாபாரம் கிடையாது. பூட்டிய கடைக்குள் இருபது சமையலறைகள் வரிசையாக நின்றன. குழாய் உண்டு, தண்ணீர் வராது. அடுப்பு உண்டு, எரியாது. ஒன்றில் ஃபோல்கர்ட்டும் யெஸ்பரும் உயர நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுவந்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பளிங்கு மேசையில் ஒப்பந்தக் காகிதமும் பேனாவும்.

யெஸ்பர் எழுந்து கை கொடுத்தான். வாட்டசாட்டமான பையன், பல்லெல்லாம் நேராக இருந்தது. லாம்மர்ட் ஆடிய ஆட்டங்களைத் தேடிப் பார்த்ததாகச் சொன்னான். பார்த்திருக்கிறான், ஏழு சொந்த கோல்களையும் வரிசையாகச் சொன்னான். கெட்ட பையன் இல்லை. அதுவும் ஒரு கஷ்டம். பின் வரிசைதான் தனக்குக் குழப்பமாக இருக்கிறது, நாலு பேரில் யாரை யாரோடு நிறுத்துவது என்று கேட்டான்.

லாம்மர்ட் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தார். வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை உருட்டிக்கொண்டு வந்தார். ஆனால் ஒழுங்காக அடுக்காத பின் வரிசையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அவரால் ஆகாது. சொறி வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது மாதிரி. அலமாரியைத் திறந்தார். விற்பனைக்கு வைத்திருந்த கோப்பைகளை எடுத்தார். பின் வரிசைக்கு நாலு கோப்பை கவிழ்த்து வைத்தார். முன்னால் ஆடுகிற ஆறு பேருக்கு, அவித்த முட்டை வைக்கிற குட்டிக் கிண்ணங்கள். சீனிக் கிண்ணம் பந்து. இவன் வலது பக்கம் திரும்ப அரை நொடி தாமதிப்பான், அதனால் அந்தக் கோப்பை கொஞ்சம் உள்ளே. அவன் கோல் வாங்கினால் பத்து நிமிஷம் பேசமாட்டான், அந்தப் பத்து நிமிஷமும் பக்கத்தில் இவன் நிற்க வேண்டும். கார்னர் வந்தால் இவர்கள் மூவரும் இப்படி. ஒரு மணி நேரம். பதினாறு வருஷம் மழையில் நின்று பார்த்ததை எல்லாம் அந்தப் பளிங்கு மேசையில் கொட்டினார். யெஸ்பர் ஒவ்வொரு அடுக்கலையும் போனில் படம் எடுத்தான். கடைசியில் பேனா மூடியைக் கழற்றி நீட்டினான்.

"இதுக்குத்தான் நீங்க எனக்கு வேணும்" என்றான்.

"நான் வரல, யெஸ்பர்" என்றார் லாம்மர்ட்.

ஃபோல்கர்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். வேறு எங்கே போவாய் என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றார் லாம்மர்ட். ஹில்லி பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள், சோறு கிடைக்கும். இனி இன்னொருவனுக்குக் கூம்பு அடுக்க முதுகு வளையாது. அவ்வளவையும் சத்தம் போடாமல் சொன்னார். ஃபோல்கர்ட்டுக்கு முகம் தொங்கிவிட்டது. உன்னை வெளியே அனுப்பக் கூடாது என்றுதானே இத்தனையும் செய்தோம் என்றார். லாம்மர்ட் எழுந்து, அடுக்கிய கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர் வராத இருபது குழாய்களைத் தாண்டி வெளியே வந்து காரில் உட்கார்ந்தார்.

சாவியைப் போட்டார். திருப்பவில்லை. ஐந்து நிமிஷம் போலக் கடைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, வலது முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, திரும்ப உள்ளே போனார். ஃபோல்கர்ட் அவசரமாக ஒப்பந்தக் காகிதத்தைத் தேடி எடுத்தார். லாம்மர்ட் அவர் பக்கமே பார்க்கவில்லை.

"அந்த எடது பேக்" என்றார் யெஸ்பரிடம். "அவனுக்கு ஒரு காது கேக்காது. வெக்கப்பட்டுக்கிட்டு யாருட்டயும் சொல்ல மாட்டான். மொதப் பாதில நம்ம பெஞ்சு இருக்குற பக்கம் அந்தக் காதுதான் வரும். நீ கத்துவ, அவன் திரும்ப மாட்டான், திமிர்னு நெனப்ப. ஆள விட்டுச் சொல்லி அனுப்பு. அவனத் திட்டாத."

யெஸ்பர் போனை எடுத்தான்.

"எந்தக் காது?"

"எடது. எழுதிக்கோ" என்றார் லாம்மர்ட்.